நீலக் கண்ணாடியை நீக்கிய மிஸ் ஹெஸ்டர் லோமாக்ஸ் அவர்களுக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அம்மையீர், பரிசோதனைக் கூடத்தின் பாதுகாவலரே, பச்சைப் பெட்ரோலுக்குப் பக்கத்துணையாய் நின்றவரே, முள் நிலைகொள்ளும் முன்னே முடிவு சொல்லாதவரே, மூன்று மேலாளர்களிடம் முகம் கோணாமல் முடியாது என்று சொன்னவரே, வைர்விக் எண்ணெய்த் துறைமுகத்தின் வாயிற்காவலர் முதல் வரவுசெலவுப் பிரிவினர் வரை அனைவரும் நன்றி நிறைந்த நெஞ்சோடு உங்கள் முன் எழுந்து நிற்கிறோம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பு தட்டச்சு அறை நோரா டாட்டர்சாலாகிய என் தலையில் விழுந்தது. உங்கள் பணிநிறைவு விழாக்குழு கூடி உங்களுக்கு ஏற்ற அடைமொழிகளைத் தேடியபோது 'இன்முகம் மாறாத' என்று ஒருவர் சொன்னார். பம்ப் அறைக்காரர்கள் அதை ஒருமனதாக எதிர்த்தார்கள். 'எளிதில் இணங்கும்' என்று இன்னொருவர் சொல்ல, கூட்டம் கால்மணி நேரம் சிரித்துவிட்டுக் கலைந்தது. ஆகவே அடைமொழிகளைக் குறைத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்வதென்று முடிவாயிற்று. புகழ்ச்சி உங்களுக்குப் பிடிக்காது என்பது தெரியும். ஆனால் இன்று நீங்கள் எழுந்து போக முடியாது. கதவருகே பம்ப் அறை வில்ஃப் கார்ஸ்டாங்கை உட்காரவைத்திருக்கிறோம்.

போருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே இங்கே வந்து, இந்தக் கழிமுகத்தின் காற்றுக்கும் மழைக்கும் சைக்கிளிலேயே ஈடுகொடுத்து, பூட்டிய அறையில் பெட்ரோலைச் சோதிக்கும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவர் நீங்கள். அந்த எஞ்சினுக்கு நீங்கள் காட்டிய பரிவில் பாதியை எங்களுக்குக் காட்டியிருந்தால் நாங்கள் கெட்டுப் போயிருப்போம். நீங்கள் போட்டுக் கொடுத்த தேநீரின் வழியே கோப்பையின் அடியிலிருந்த பூவைப் பார்க்க முடிந்தது. ஆனால் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அவர் வீட்டு வாசலில் முதலில் சாத்தியிருந்த சைக்கிள் உங்களுடையதுதான். அதற்கு இன்றுவரை யாரும் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறோம்.

இங்கே புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்காகச் சில வரிகள். நாற்பதாம் ஆண்டுக் கோடையில் நம் துறையில் இரண்டு வகை விமானப் பெட்ரோல் இறங்கியது. அழுத்தத்தைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ஆக்டேன் எண் எண்பத்தேழானால் நீலச் சாயம், நூறானால் பச்சைச் சாயம். நீலம் பயிற்சி விமானங்களுக்கு. பச்சை, தெற்கே வானத்தில் சண்டையிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு. பச்சை ஊற்றிய விமானத்தில், எதிரி பின்னால் வரும்போது விசைப்பிடியைக் கடைசிவரை தள்ளலாம், எஞ்சின் தாங்கும். அதில் நீலம் கலந்திருந்தால் எஞ்சினுக்குள் தட்டும் ஓசை எழும், பிஸ்டன் ஓட்டையாகும், கீழே கடல் இருக்கும்.

அந்தப் பச்சை நம் மண்ணில் ஊறியதல்ல. குராசோத் தீவிலிருந்து வந்தது, டெக்சஸிலிருந்து வந்தது, பாரசீகத்து அபதானிலிருந்து ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தது. கிளம்பிய கப்பல்கள் எல்லாம் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவற்றின் மாலுமிகள் நம் உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' பண்டம் சாப்பிடும்போது யாரும் அவர்களிடம் மற்ற கப்பல்களைப் பற்றிக் கேட்கமாட்டோம். எந்தக் கப்பலின் சரக்கானாலும் அது உங்கள் எஞ்சினில் ஓடி, அளவுமானியின் முள் அதன் ஆக்டேனைக் காட்டி, நீங்கள் கையெழுத்திட்ட பிறகே ரயில் ஏறும். அதுதான் இங்கே சட்டம்.

இனி அந்த ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன்.

இருட்டடிப்பு உத்தரவுப்படி, இரவில் வெளிச்சம் வெளியே தெரியாமல் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கறுப்புத் திரை போட வேண்டும். படகுத்துறைக் கொட்டகையில் தினமும் திரையை இழுத்து மூடித் திறப்பது பம்ப் மேற்பார்வையாளர் வில்ஃபுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு டப்பா அடர்நீல வர்ணத்தை எங்கிருந்தோ பிடித்து, எல்லாக் கண்ணாடிக்கும் ஒரே மதியத்தில் அடித்து முடித்துவிட்டார். இனித் திரையும் வேண்டாம், தொல்லையும் வேண்டாம். வான்தாக்குதல் காவலர் வந்து பார்த்து, மாவட்டத்திலேயே ஒழுங்கான கொட்டகை இதுதான் என்று பாராட்டிவிட்டுப் போனார். வில்ஃப் அன்று முழுக்கத் தொப்பியைக் கொஞ்சம் சாய்த்தே போட்டிருந்தார்.

அந்தக் கொட்டகையில்தான் குழாயிலிருந்து மாதிரி பிடிக்கும் திருகு இருந்தது. கப்பலுக்கும் தொட்டிகளுக்கும் நடுவே ஒரே குழாய். முன்பு வந்த நீலச் சரக்கின் கடைசிப் பகுதி குழாயில் தங்கியிருக்கும், பின்னால் வரும் பச்சை அதைத் தள்ளிக்கொண்டு வரும். திருகைத் திறந்து கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்து, நீலம் முழுதும் போய்ப் பச்சை வந்ததும் பச்சைத் தொட்டிக்கு வழியைத் திருப்ப வேண்டும். வில்ஃப் ஆயிரம் முறை செய்த வேலை. ஆனால் இந்த முறை பட்டப்பகலிலும் கொட்டகைக்குள் வெளிச்சம் நீலமாக இருந்தது. நீல வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஒன்றுபோலவே தெரிந்தன. வழி முன்கூட்டியே திரும்பியது. குழாயில் இருந்த நீலம் அவ்வளவும் பச்சைத் தொட்டியில் போய் விழுந்தது. யாருக்கும் தெரியவில்லை.

குராசோவிலிருந்து வந்த அந்தச் சரக்குக்காக ரயில் காத்து நின்றது. நீராவி ஏறிவிட்டது. சரக்கு வண்டிகளின் அனுப்புச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு உங்கள் கையெழுத்துக்காக நான் உங்கள் அறைக்கு வந்தபோது, துறையின் மேலாளர் மிஸ்டர் ஆம்புரோஸ் தெல்வால் ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஒரே மகன் ஹியூ, அந்த ரயில் போய்ச் சேரவிருந்த விமானத்தளத்தில் போர் விமானி. அது துறையில் எல்லாருக்கும் தெரியும். ஹியூவை எட்டு வயதில் நம் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்து விளையாடிய ஆட்கள் இன்றும் இந்த அறையில் இருக்கிறார்கள்.

நீங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு, "நூறு வரல சார்," என்றீர்கள்.

"போன வாரம் குண்டு விழுந்ததுல கட்டடமே ஆடிச்சு. உன் எஞ்சின்தான் கெட்டிருக்கும்," என்றார் மேலாளர்.

"இருக்கலாம்."

"அங்க தளத்துல அவங்க தொட்டியில ஒரு நாளைக்குத்தான் இருக்காம். காலையிலேர்ந்து மூணு தடவ போன் பண்ணிட்டாங்க. என் பையன் அங்க இருக்கான், ஹெஸ்டர்."

அதுவரை அவர் உங்களை மிஸ் லோமாக்ஸ் என்று தவிர வேறு விதமாக அழைத்ததில்லை.

"தெரியும் சார். அதான் கையெழுத்துப் போடல," என்றீர்கள்.

வில்ஃப் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, ஆளுங்க உசுரக் குடுத்துக் கொண்டாந்த சரக்கு இது. உன் முள்ளு கொஞ்சம் நொண்டிச்சுன்னு திருப்பி அனுப்புவியா?"

"முள்ளு நொண்டுதா, சரக்கு நொண்டுதான்னு பாத்துடுவோம் வில்ஃப்."

சொல்லிவிட்டு நீங்கள் அலமாரியைத் திறந்து, அமெரிக்காவிலிருந்து வந்த சுத்தமான ஐசோ-ஆக்டேன் குப்பியை எடுத்தீர்கள். அதன் ஆக்டேன் சரியாக நூறு. அதை ஊற்றி எஞ்சின் நூறு காட்டினால் எஞ்சின் சரி, பெட்ரோல் தப்பு. காட்டாவிட்டால் பெட்ரோல் சரி, எஞ்சின் தப்பு. வேறு வழியில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் துறையில் இருந்தது அந்த ஒரே குப்பி. அடுத்த குப்பி வரவேண்டிய கப்பல் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

"அது தீந்துட்டா?" என்று கேட்டார் மேலாளர்.

"தீந்துட்டா, அடுத்தது வர்ற வரைக்கும் இந்த எஞ்சினுக்குச் சாட்சி கெடையாது. நான் சொன்னது தப்பா இருந்தா ரயில நிறுத்தினவளும் நான்தான், குப்பியக் காலி பண்ணவளும் நான்தான். வேற ஆளப் போட்டுக்கோங்க."

எஞ்சின் ஓடியது. அந்த அறையில் நின்ற எவருக்கும் எதை வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. எஞ்சின் கெட்டிருந்தால் ரயில் போகலாம். எஞ்சின் நன்றாக இருந்தால் ஹியூ இருந்த இடத்துக்கு அன்று ஒரு சொட்டும் போகாது. மேலாளர் தன் தொப்பியின் விளிம்பைக் கசக்கிக்கொண்டே இருந்தார். முள் ஏறி, கொஞ்சம் ஆடி, நூறில் நின்றது.

"எஞ்சின் சரி," என்றீர்கள். குரலில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. எனக்கு அப்போது உங்கள் மேல் கோபம் வந்தது. ஒரு தகப்பனிடம் இவ்வளவு தட்டையாகவா சொல்வது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், காலிக் குப்பியின் மூடியை நீங்கள் தலைகீழாகப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்துத் தொட்டி மாதிரியையும், போன மாதத்து நல்ல பச்சை மாதிரியையும் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தீர்கள். நாங்கள் பின்னாலேயே வந்தோம். முற்றத்துச் சுவரின் மேல் வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். ஒன்று புல்லின் பச்சை. மற்றதில் நீலம் ஓடியிருந்தது, சொல்லித் தரத் தேவையில்லை. பிறகு இரண்டையும் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தீர்கள். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டன.

வில்ஃப் ஜன்னலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "நான்தான் அடிச்சேன்," என்றார். பெரிய உடம்புக்காரர், அவ்வளவு சின்னக் குரல் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை.

"ரொம்ப நல்லா அடிச்சிருக்கீங்க. ஒரு எடம் விடல," என்றீர்கள். பிறகு மேலாளரிடம் திரும்பி, "ஜன்னலத் திட்டுங்க சார். ஆளத் திட்டினா அடுத்த தடவ யாரும் உண்மையச் சொல்லமாட்டாங்க," என்றீர்கள். வில்ஃப் மேல் ஒரு சொல் விழவில்லை. இதை இந்த மடலில் சேர்க்க வேண்டும் என்று என் மேசையைத் தட்டிச் சொன்னவர் வில்ஃப்தான்.

அபதானிலிருந்து வந்த கப்பல் ஒன்று கழிமுகத்தில் கடல்நீர் ஏறுவதற்காகக் காத்திருந்தது. அன்று நாங்கள் எல்லாரும் உழைத்தோம். கணக்கர்கள் குழாயைச் சுத்தம் செய்ய வாளி தூக்கினார்கள். உணவுக்கூடத்துப் பெண்கள் 'பை' பண்டம் வெட்டும் கத்திகளோடு வந்து ஜன்னல் வர்ணத்தைச் சுரண்டினார்கள். வில்ஃப் தன் சவர பிளேடுகளை எல்லாம் எடுத்து வந்து முதல் கண்ணாடியைத் தானே சுரண்டினார், ஒரு வாரம் முள்தாடியோடு திரிந்தார். நீர் ஏறியதும் கப்பல் வந்தது. நீங்கள் வெயிலில் பார்த்து, எஞ்சினில் பார்த்து, கையெழுத்திட்டீர்கள். ஒரு நாள் தாமதமாக ரயில் போயிற்று. கலந்துபோன சரக்கு வீணாகவில்லை, நீலமாகப் பயிற்சி விமானங்களுக்குப் போயிற்று. அந்த ஒரு நாள், ஹியூவின் படையணி பக்கத்துத் தளத்தில் கடன் வாங்கிப் பறந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அன்று தொடங்கியது நம் துறையின் வழக்கம். மாதிரியைக் கூரைக்குக் கீழே யாரும் பார்க்கக்கூடாது, 'வெயிலுக்குக் கொண்டு போ' என்பதே கட்டளை. இந்த ஊரில் வெயில் எத்தனை நாள் அடிக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று, 'வெயிலுக்குக் கொண்டுவந்தாச்சு' என்று கூவுகிற பம்ப் அறைக்காரர்களைப் பார்த்து வெளியூர் ஆய்வாளர்கள் திகைத்துப் போயிருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தச் சொன்னார்கள் குழுவினர். இதற்குமேல் உள்ளதைச் சொல்லலாமா என்று நான் மிஸ்டர் தெல்வாலிடமே போய்க் கேட்டேன். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர், சொல் என்றார்.

அந்த அக்டோபரில் ஹியூ ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே பறக்கப் போய்த் திரும்பவில்லை. சில நாள் கழித்து அவனோடு பறந்த நண்பன் ஒருவன் தகப்பனைப் பார்க்க வந்தான். தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னான். ஹியூவின் எஞ்சின் இருமியது, நின்றது, விமானம் கடலுக்கு இறங்கியது. குண்டு பட்டதா என்று அவன் பார்க்கவில்லை.

எஞ்சின் நின்றது என்ற அந்தச் செய்தி நம் துறையில் ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை மிஸ்டர் தெல்வால் அலுவலகத்துக்குப் போகவில்லை. மாதிரிகள் வைக்கும் அறைக்குப் போய் அலமாரிகளுக்கு முன்னால் நின்றார். அனுப்பிய ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு குப்பி அரக்கு முத்திரையோடு அங்கே இருக்கும், ரயிலின் பெயரும் தளத்தின் பெயரும் மேலே ஒட்டியிருக்கும். அவர் எந்தக் குப்பியையும் தொடவில்லை. நாங்கள் ஒருவர்கூட அருகே போகத் துணியவில்லை.

நீங்கள் போனீர்கள். ஆறுதல் சொல்லவில்லை. தோளைத் தொடவில்லை. அந்தத் தளத்துக்குக் கடைசியாகப் போன சரக்கின் குப்பியை எடுத்து, "முத்திரைய நீங்களே ஒடைங்க சார்," என்றீர்கள்.

அவர் உடைத்தார். முற்றத்தில் வைத்தீர்கள், பச்சை. எஞ்சினில் ஊற்றினீர்கள். இதற்கிடையில் புது ஐசோ-ஆக்டேன் வந்திருந்தது. அதையும் அவர் கண்முன்னே ஓட்டிக் காட்டினீர்கள், எஞ்சின் பொய் சொல்லவில்லை என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டுமே. பிறகு அவரை அந்த முள்ளுக்கு எதிரே உட்காரவைத்து, நீங்கள் ஒதுங்கி நின்றீர்கள். முள் நூறில் நின்றது. அசையவில்லை.

"அந்த எஞ்சின் எதனால நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது சார்," என்றீர்கள். "நம்மால நிக்கல."

அவர் அன்றுதான் அழுதார். நீங்கள் தேநீர் போட்டுக் கொடுத்தீர்கள். அந்த ஒரு நாள் அது திடமாக இருந்தது.

அதற்குப் பிறகு பத்தாண்டு காலம் அவர் இந்தத் துறையை நடத்தினார். போர் முடியும்வரை இங்கிருந்து போன ஒவ்வொரு ரயிலையும் நின்று அனுப்பிவைத்தார். எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது என்று நாங்கள் வியந்ததுண்டு. போன வாரம் இந்த மடலில் முதல் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஆகஸ்ட்ல அவ என் பேச்சக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தான்னு வச்சுக்கோ, நோரா," என்றார். "அக்டோபர்ல அவ எந்தக் குப்பியக் காட்டினாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். எனக்காக ஒரு தடவ வளைஞ்சவ, இன்னொரு தடவயும் வளைவான்னு நெனச்சிருப்பேன். அவ வளையல. அதனால என் பையன எழந்தேன், ஆனா அவன நானே கொன்னுட்டேனோங்கிற நெனப்பு இல்லாம எழந்தேன். இருபத்தொரு வருஷமா ராத்திரி தூங்கறேன். அத எழுது."

எழுதிவிட்டேன்.

அம்மையீர், எங்களுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை என்று நீங்கள் பலமுறை குறைப்பட்டதுண்டு, அது பெரும்பாலும் உங்கள் சைக்கிளை இடம் மாற்றி வைத்ததைப் பற்றி. இன்று சொல்கிறோம். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், எத்தனையோ வீடுகளில் வரவில்லை. வராத வீடுகளில் ஒன்றுக்குக்கூட நம் துறையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இல்லாதபடி நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். நாங்கள் தலைநிமிர்ந்து நடப்பதற்கு அதுவே காரணம். உங்களோடு வேலை செய்தோம் என்பது எங்களுக்குப் பெருமை, உங்களை விட்டுப் பிரிவது எங்களுக்கு வருத்தம்.

நீடிய ஆயுளும் நிறைந்த நலமும் உங்களுக்கு வாய்க்கட்டும். முழங்கால் வலி குறையட்டும். தங்கை வீட்டுத் தோட்டத்தில் ரோஜாக்கள் நீங்கள் சொன்னபடி கேட்கட்டும், கேட்காவிட்டால் அவற்றின் பாடு. எஞ்சின் அறையின் சாவியை உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் கொடுத்துவிட்டோம். கெடுபிடியாக இருக்கும்படியும் சொல்லியிருக்கிறோம்.

கடைசியாக, இந்த மடலைப் போட்டிருக்கும் மரச்சட்டத்தைப் பற்றி ஒரு சொல். மேலே உள்ள கண்ணாடி கடையில் வாங்கியதல்ல. கொட்டகையை இடித்தபோது வில்ஃப் யாரிடமும் கேட்காமல் எடுத்து வைத்திருந்த ஜன்னல் கண்ணாடி அது, அன்று அவர் முதலில் சுரண்டியது. வலது கீழ் மூலையில் மட்டும் அந்த நீல வர்ணத்தை ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு விட்டிருக்கிறார். அதற்கு அடியில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அறைக்குள் வைத்துப் பார்த்தால் தெரியாது.

வெயிலுக்குக் கொண்டு போங்கள்.

என்றும் உங்கள் அன்புக்குக் கடன்பட்ட,

ஆம்புரோஸ் தெல்வால், முன்னாள் மேலாளர்
நோரா டாட்டர்சால், தட்டச்சுப் பிரிவு
வில்ஃப் கார்ஸ்டாங், பம்ப் அறை, ஓய்வு
மற்றும் வைர்விக் எண்ணெய்த்துறைப் பணியாளர்கள் அனைவரும்

வைர்விக், செப்டம்பர் 1961